உலகத்தில் ஒரேயொரு கோகனகை

இரண்டாவது கோகனகை பிறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது லவன் ஒரு கன்னத்தை மட்டுமே சவரம் செய்து முடித்திருந்தான்.

தொலைபேசியைக் குளியலறைக்குள் நீட்டியவள் அவன் மனைவி தனுஷியா. அவள் தோளில், பிறந்து பதினான்கு நாளே ஆன மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அந்த மகள்தான் முதலாவது கோகனகை. பெயர் இன்னும் சூட்டப்படவில்லை. ஆனால் அந்தப் பெயரை உலகத்தில் தன் மகள் ஒருத்தியே ஆளப்போகிறாள் என்று அந்தக் காலை வரை அவன் நம்பியிருந்தான்.

“சுபோதினிக்குச் செவ்வாய்க்கிழமை பிள்ளை பிறந்ததெல்லே, பேரும் வைச்சிட்டாளாம்,” என்றாள் தனுஷியா. சுபோதினி அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை, வத்தளையில் இருப்பவள்.

தொலைபேசியில் வந்திருந்த படத்தில் ஒரு சிவந்த குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் கீழே ‘எங்கள் குட்டிக் கோகனகை’ என்று பூக்களுக்கு நடுவே எழுதியிருந்தது.

மற்றக் கன்னத்தைச் சவரம் செய்யாமலே லவன் அன்று கந்தோருக்குப் போனான்.

இது அவனுக்கு எத்தகைய இடி என்பதை விளங்கிக்கொள்வதற்கு அவன் படித்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் நான்கு லவன்கள் இருந்தார்கள். ஒருவன் கறுத்த லவன், ஒருவன் நெட்டை லவன், கணக்கில் நூறு எடுப்பவன் கணக்கு லவன். குறிப்பிட்டுச் சொல்வதற்கு எதுவும் இல்லாத நாலாமவனை ஆசிரியர்களும் பிள்ளைகளும் ‘மற்ற லவன்’ என்று அழைத்தார்கள். பதினொரு ஆண்டுகள் அவன் மற்ற லவனாகவே இருந்தான். ஒரு பரிசளிப்பு விழாவில் அவனுக்குரிய நல்லொழுக்கப் பரிசை நெட்டை லவன் மேடையேறி வாங்கிக்கொண்டான். திருப்பித் தரவும் இல்லை. இப்போது கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் அவன் வேலை செய்யும் காப்புறுதி நிறுவனத்திலும் இன்னொரு லவன் இருந்தான். அவனுடைய லீவு விண்ணப்பங்கள் மறுக்கப்படும்போது அந்த மறுப்பு இவனுக்கு வந்து சேரும்.

ஆகவே மகளை முதன்முதல் கையில் வாங்கியபோது, அவள் காதருகே குனிந்து, “உன்னை ஒருத்தரும் மற்றப் பிள்ளை எண்டு சொல்ல விடமாட்டன்,” என்று லவன் வாக்குக் கொடுத்தான். அவளும் அதற்குக் கொட்டாவிதான் விட்டாள்.

அந்த வாக்கிற்குக் குறுக்கே நின்றவர் பத்மாவதி மாமி.

மாமி, தனுஷியாவின் தகப்பனாருக்கு மூத்த சகோதரி. பெற்றோர் அடுத்தடுத்து மறைந்த பிறகு தனுஷியாவை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. மணம் முடிக்காதவர். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பெண்கள் விடுதி நடத்தியவர். அங்கே மாலை ஆறரைக்குப் படலை பூட்டப்படும். ஆறு முப்பத்தொன்றுக்கு வருகிறவள் வெளியே நின்று தாமதத்திற்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் திருப்தியில்லையென்றால் திருத்தி எழுத வேண்டும். அவ்விதம் எழுதிப் பழகியவர்களில் மூவர் இன்று சட்டத்தரணிகள்.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று மாமி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தமக்குப் பெயர் சொல்லப் பிள்ளையில்லை என்றும், ஆகவே இந்தப் பிள்ளைக்குப் பத்மாவதி என்ற பெயரே வைக்கப்பட வேண்டும் என்றும் அறிவித்தார். அந்த ஒழுங்கையிலேயே மூன்று பத்மாவதிகள் இருக்கிறார்கள் என்று லவன் பணிவோடு சொன்னான். மாமி எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து, வெயிலில் எங்கேயோ அலைந்துவிட்டு வந்தவர் போலக் களைத்த முகத்தோடு வந்தார்.

“கோகனகை எண்டு வையுங்கோ,” என்றார். “அதுவும் தாமரையில இருக்கிறவள்தான், பத்மாவதியும் தாமரையில இருக்கிறவள்தான். கருத்து எனக்குக் காணும். தனிப்பேர் உங்களுக்குக் காணும்.”

லவன் மெய்மறந்து போனான். அப்படியொரு பெயரை அவன் எங்கும் கேட்டதில்லை. ஆனால் மாமியின் எந்தச் சம்மதத்திற்கும் ஒரு படலை உண்டு.

“ஆனா தம்பி, தனிப்பேர் எண்டு நீங்கள் சொன்னால் காணாது. விசாரிக்க வேணும். பேர் சூட்டுற முப்பத்தோராம் நாளுக்கு முதல் வேறொரு பிள்ளைக்கும் இந்தப் பேர் இல்லையெண்டு உறுதிப்படுத்துங்கோ. ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் பத்மாவதிதான். எழுத்தில கேளுங்கோ. கருத்தையும் சேர்த்து எழுதுங்கோ. கருத்துத் தெரியாட்டிச் சனத்துக்கு ஞாபகம் வராது.”

காப்புறுதிக் கோரிக்கைகளை விசாரிப்பதே லவனுடைய தொழில். எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று கண்டுபிடிக்கிறவனுக்கு இது ஒரு வேலையா? குடும்பத்தின் வட்சப் குழுவுக்கும், மாமி தேடிக்கொடுத்த பழைய விடுதிப் பெண்களின் குழுவுக்குமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு விசாரணைக் கடிதம் எழுதினான். ‘கோகனகை: செந்தாமரையில் வீற்றிருப்பவள், இலக்குமி. இப்பெயருடைய குழந்தை எதையேனும் அறிந்தவர்கள் ஏழு நாட்களுக்குள் அறியத் தரவும்.’

ஒருவரும் அறிந்திருக்கவில்லை. ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அப்போது அறிந்துகொண்டார்கள். பூட்டில்லாத வீட்டைப் பற்றி ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறவன் கடைசியில் எதைக் காண்பான் என்பது லவனுக்கு அந்த வேளையில் தோன்றவில்லை. எட்டாம் நாள் கண்டது வத்தளைக் கொட்டாவியை.

மாலையில் அவன் தலைகுனிந்து போய் மாமியிடம் ஒப்புக்கொண்டான். மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பதிஞ்சிட்டாளோ?”

“இன்னும் இல்லையாம் மாமி.”

“பதியாத பேர் பேரில்லை. அரசாங்கத்தின்ர கொப்பியில ஏறினால்தான் பேர். போய்க் கதைச்சுப் பாருங்கோ.”

இவ்வளவு இரக்கத்தை மாமியிடம் அவன் எதிர்பார்க்கவில்லை. நன்றியோடு வீடு திரும்பி, சுபோதினிக்குத் தொலைபேசி எடுத்தான். பெயரை விட்டுக்கொடு என்று நேரே கேட்பது நாகரிகமில்லை. ஆகவே அந்தப் பெயரின் வரலாறு நல்லதல்ல என்று சொல்லத் தீர்மானித்தான். வரலாறு எதுவும் அவனுக்குத் தெரியாது, கதைத்துக்கொண்டே உண்டாக்கினான். முற்காலத்தில் கோகனகை என்றொரு பெண் இருந்தாளாம். புருஷனோடு கோபித்துக்கொண்டு, நகைகளை முடிந்துகொண்டு, கப்பலேறிப் போனவள் திரும்பி வரவேயில்லையாம்.

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைக்கப்பட்டது.

“கடல் கடந்து போனவவோ அத்தான்?”

“ஓம். போனவ போனவதான்.”

“திருப்பி அனுப்பேல்லையோ?”

“இல்லை,” என்றான் லவன், வெற்றி கிட்டிவிட்ட குரலில்.

“அங்கயே இருக்க விட்டிட்டாங்களோ,” என்றாள் சுபோதினி. அவள் கணவனுடைய கனடா விண்ணப்பம் நாலு வருடமாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகாமல் கிடந்தது. மறுநாள் காலையே அவள் குழந்தையின் பெயரைப் பதிந்தாள். மத்தியானம் குழுவில், ‘கோகனகை: வெளிநாட்டு யோகமுள்ள பெயர், லவன் அத்தான் ஆராய்ந்து சொன்னது’ என்று எழுதினாள். இரவாவதற்குள் நிறைமாதமாக இருந்த மூன்று பேர் லவனுக்குத் தனித்தனியே நன்றி தெரிவித்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏற்கெனவே ஒஸ்லோவில் இருந்தாள். அவளுக்கு அங்கிருந்து லண்டனுக்குப் போக விருப்பம்.

விதிப்படி லவன் அப்போதே தோற்றுவிட்டான். ஆனால் அவன் அழாக்குறையாக மாமியின் முன் நின்றபோது, மாமி ஒப்பந்தத்தைத் தாமாகவே தளர்த்தினார். ஒரு பிள்ளை தவறுதலாக நேர்ந்ததாக இருக்கலாம்; முப்பதாம் நாள் பதிவுக் கந்தோருக்குப் போய்க் கேட்பது, ஒன்றுக்கு மேல் இருந்தால் மட்டும் பத்மாவதி.

“ஆனா தமிழ்ச்சனம் எண்டால் வெள்ளவத்தை மட்டும்தானோ?” என்றும் கேட்டார். “கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒருத்தரையும் கேக்கேல்லைத்தானே?”

“என்னப்பா,” என்றாள் தனுஷியா, மாமி போன பிறகு, “நீங்கள் கேக்கிறதை நிப்பாட்டினால் இந்தப் பேர் தன்பாட்டில அடங்கியிடும்.”

விசாரணையைப் பாதியில் விடுவது தன் தொழிலுக்கு இழுக்கு என்று லவன் சொன்னான்.

கந்தோரில் அவனுக்கு எதிர் மேசையில் இருந்த ஹெக்டர் கொட்டாஞ்சேனைக்காரர். ஐம்பத்தெட்டு வயது, அங்குள்ள கத்தோலிக்கக் கோவில் சபைகள் அனைத்திலும் பதவி வகித்தவர். கோகனகை என்ற பெயரை உங்கள் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்களா என்று லவன் அவரிடம் விசாரித்தான். ஹெக்டர் பேனையை வைத்துவிட்டு அவனைக் கூர்ந்து பார்த்தார்.

“யாருக்குமே இல்லாத பேரா தம்பி?”

“வத்தளையில ஒரு குழந்தைக்கு வைச்சிருக்கினம், வேற ஒருத்தருக்கும் இல்லை.”

“செத்தவங்களுக்கும் இல்லையா?”

“இல்லை.”

ஹெக்டர் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் பின்னர் தெரியவந்தது. அவருடைய மகள் றொசானாவுக்குப் பிறந்த பெண்குழந்தைக்கு இரண்டு மாதமாகப் பெயரில்லை. ஹெக்டரின் மனைவி ஐறீன் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். சம்பந்தி கொன்ஸ்ரன்ஸ் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். எந்தப் புனிதையின் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் ஒரு பக்கத்தில் யாரோ ஒரு பெரியம்மா இருந்தார். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது நல்ல பெயரல்ல. இரண்டு பக்கத்தாருக்கும் சொந்தமில்லாத பெயர்.

ஹெக்டர் வீட்டில் கோகனகையை முன்மொழிந்திருக்கிறார் என்று அறிந்ததும், அதைத் தடுக்க லவன் சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்கு ஓடினான். மறுநாள் ஞானஸ்நானம். வீடு நிறைய ஆட்கள். இரு சம்பந்திகளும் விறாந்தையின் இரு கோடிகளில், ஒருவர் முகத்தை மற்றவர் பாராமல் இருந்தார்கள். அவன் நடுவில் நின்று, கோகனகை இலக்குமியின் பெயர் என்றும், செந்தாமரையில் இருப்பவள் என்றும், ஆகையால் ஒரு கத்தோலிக்கக் குழந்தைக்கு அது பொருந்தாது என்றும் மிக விளக்கமாகச் சொன்னான். வாசலில் நின்ற அயலவர்களும் உள்ளே வந்து கேட்டார்கள்.

“எங்க பக்கத்துல இந்தப் பேர் இருக்கா?” என்று கொன்ஸ்ரன்ஸ் தன் மகனைக் கேட்டார். இல்லை என்றான்.

“எங்க பக்கத்துல?” என்றார் ஐறீன். இல்லை என்றார் ஹெக்டர்.

இரண்டு மாதத்தில் முதன்முறையாகச் சம்பந்திகள் ஒருவரையொருவர் நேரே பார்த்தார்கள்.

“தாமரையும் ஒரு பூத்தானே,” என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

“றோசாவும் பூத்தானே,” என்றார் ஐறீன்.

முன்னுக்கு மரியா என்று வைத்தால் பின்னுக்கு எந்த நல்ல பெயரையும் வைக்கலாம் என்று பங்குச் சுவாமி சொல்லியிருந்தாராம். கேக் செய்யும் பெண் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்; அந்தப் பெயரை அவள் எழுதிப் பழகியதில்லை, யாராவது ஒழுங்காக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். எல்லாரும் லவனைப் பார்த்தார்கள். லவனுடைய கையெழுத்து அழகானது. வந்த அலுவலுக்கு நேர்மாறான அலுவலை ஒரு கடதாசித் துண்டில் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு துண்டு லவ் கேக்கையும் வாங்கிக்கொண்டு அவன் பஸ் ஏறினான்.

இனி விஞ்ஞானத்தின் உதவியை நாடுவதே வழி என்று அவனுக்குப் பட்டது. காலி வீதியில் ஒரு மாடியில் எண்சோதிடர் ஒருவர் இருந்தார். குழந்தைகளின் பெயர்களைக் கூட்டிப் பார்த்துச் சொல்வதில் பேர்போனவர். கோகனகை என்ற பெயரின் எண் தீயது என்று அவர் ஒரு வரி எழுதித் தந்தால் அதைக் குழுவில் போட்டுவிடலாம்.

சோதிடர் அவனைப் பேச விடவில்லை. பெண்குழந்தையா என்று கேட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். மேசையின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு பேர் இருக்கு. இன்னும் வெளியில வரேல்லை. உங்களுக்காகச் சொல்லுறன். கோகனகை.”

இதுவரை எத்தனை பேருக்காகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று லவன் கேட்டான். சோதிடர் விரல்களை மடக்கத் தொடங்கி, இரண்டாவது கைக்கு மாறியதும், தொழில் இரகசியம் என்று நிறுத்திக்கொண்டார்.

இருபத்தெட்டாம் நாள் லவன் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். இரண்டு குழுக்களிலும் ஓர் அறிவித்தல் இட்டான்: ‘கோகனகை என்ற பெயர் இப்போது மிகவும் மலிந்துவிட்டது. ஆகவே புதிய பெற்றோர் தயவுசெய்து தவிர்க்கவும்.’ இவ்வளவு பேர் வைக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று நாற்பத்தாறு பேர் ஒரே கருத்தைத் தெரிவித்தார்கள். ஒருத்தி, தன் இரண்டு வயது மகளின் பெயரை இப்போது மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தாள்.

அந்த அறிவித்தலை லவன் மாமிக்கும் வாசித்துக் காட்டினான். மாமி அவனுடைய முயற்சியைப் பாராட்டினார். அவரிடமிருந்து பாராட்டு வருவது அபூர்வம் என்பதால் அவன் ஓரளவு ஆறுதல் அடைந்தான்.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அவர்கள் பதிவுக் கந்தோருக்குப் போனார்கள். தனுஷியா குழந்தையோடு வீட்டில் நின்றாள். மாமி, வெளுத்துப் பெட்டி போட்ட பருத்திச் சேலையில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சுவரோரத்து வாங்கில் அமர்ந்தார். எழுத்துப் பிழை விடாமல் பதிவு நடக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் அப்ஹாம் என்ற இளம் உத்தியோகத்தர். சுறுசுறுப்பானவர். லவன், கோகனகை என்ற பெயரில் அண்மையில் எத்தனை குழந்தைகள் பதியப்பட்டிருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

அப்ஹாம் புத்தகத்தைத் திறக்கவேயில்லை.

“அஞ்சு,” என்றார். “எல்லாம் இந்த மாசம். என்ன நடக்குதெண்டு எங்களுக்கே வெளங்குதில்ல.”

லவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வருங்கால வகுப்பொன்று அவன் கண்முன் தோன்றியது. வத்தளைக் கோகனகை, மரியா கோகனகை, கறுத்தக் கோகனகை, கணக்குக் கோகனகை. கடைசி வாங்கில், வாக்குக் கொடுத்த தகப்பனைப் பார்த்தபடி, மற்றக் கோகனகை.

அவன் திரும்பி வாங்கைப் பார்த்தான். மாமி தலையை மெல்ல அசைத்தார். ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். லவன் பேனையை எடுத்து, விண்ணப்பத்தில், பெயருக்குரிய கட்டத்துள், தன் அழகான கையெழுத்தில் ‘பத்மாவதி’ என்று எழுதினான். நல்லொழுக்கப் பரிசை மேடையில் இன்னொருவன் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருந்த அன்றும் அவனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

அப்ஹாம் விண்ணப்பத்தை வாங்கி வாசித்தார். மறுபடி வாசித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பத்மாவதியா? இத வெச்சு எவ்வளவு காலம்? நான் இந்த மேசைக்கு வந்து பதினொரு வருஷம். ஒரு புள்ளைக்காச்சும் இந்தப் பேர எழுதல்ல. எங்கேந்து சேர் இப்பிடி ஒரு பேரக் கண்டுபிடிச்ச?”

லவனுக்கு அது விளங்கச் சில நொடிகள் பிடித்தன. பத்மாவதிகள் எல்லாரும் எழுபது வயதில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருத்தியும் வரவில்லை. வகுப்பில் அவன் மகள் ஒருத்தியே பத்மாவதி. பள்ளிக்கூடத்தில் ஒருத்தியே. ஆயுள் முழுவதும் அவளை யாரும் இன்னொருத்தி என்று நினைக்கப்போவதில்லை.

நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தான். வெற்றியில் பெருந்தன்மை காட்ட வேண்டும் என்பதால் குரலைத் தாழ்த்தியே சொன்னான்.

“கேட்டீங்களோ மாமி, கடைசியில நான்தான் வெண்டனான். தனிப்பேர் என்ர பிள்ளைக்குத்தான். கோகனகைதான் பாவம், கண்டவை நிண்டவையெல்லாம் வைச்சு ஊர் முழுக்கப் பரவிப்போச்சு.”

“பரவட்டும் தம்பி,” என்றார் மாமி. கைப்பையைத் திறந்து, தம் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து, மேசையை நோக்கி வந்தார்.

அப்ஹாம் அவரைக் கண்டதும் மேசை லாச்சியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து, லவனுக்கு மேலால் மரியாதையோடு நீட்டினார்.

“வாங்க கோகனகை அம்மா, இந்தாங்க ஒங்கட பொறந்த பதிவுக் கொப்பி, போன மாசம் நீங்க வெயில்ல வந்து கேக்கக்குள்ள இந்தப் பேர்ல கொழும்புலயே நீங்க ஒராள்தான் ஈந்தீங்க, இப்ப ஒங்களோட சேத்து ஆறு பேர் ஈக்கிறாங்க.”